மறு: பாஸ்பேட் சமநிலை – ‘பற்றுவரவு’ என்று வைக்கலாமா?

குழுமத்தாருக்குக் காரைக்குடியிலிருந்து வணக்கம்.

நாம் தமிழாக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கான கையேட்டில் phosphate balance என்பதற்குப் ‘பாஸ்பேட் சமநிலை’ என்றே போட்டுவிடலாம் என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காரணம் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

அப்பச்சிக்குச் சிறுநீரகத்தின் வேலைத்திறன் குறைந்துகொண்டு வருகிறது. போன மாதம் முகப்பில் உட்கார்ந்து ரத்தப் பரிசோதனைத் தாளை விரித்து, பாஸ்பரஸ் 4.1 என்ற வரியில் விரலை வைத்தார். “2.5-லேருந்து 4.5 வரைக்கும் சரின்னு பக்கத்திலயே போட்டிருக்கு. சமநிலையிலதான இருக்கு? அப்புறம் ஏன் கோலா குடிக்கக் கூடாதுங்கிறாக?”

நியாயமான கேள்வி. கோலாவில் பாஸ்பரிக் அமிலம் இருப்பதால்தான் அந்தத் தடை. அந்தச் சொல்தான் அவரை அப்படிக் கேட்க வைத்தது.

பேரேடு எழுதிய குடும்பம் என்பதால் கணக்காகவே சொன்னேன். வளர்ந்த ஒருவர் உடம்பில் சுமார் 700 கிராம் பாஸ்பரஸ் இருக்கிறது, பெரும்பாலும் பாஸ்பேட் வடிவில். அதில் 85 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும். அது பெட்டகம். ரத்தத்தில் ஓடுவது ஒரு விழுக்காடுகூட இல்லை. அது கைப்பெட்டி. பரிசோதனைத் தாள் காட்டுவது கைப்பெட்டிக் காசை மட்டும்தான்.

சிறுநீரகம் ஒரு நாளில் 6 கிராமுக்கு மேல் பாஸ்பேட்டை வடிகட்டி, 80 முதல் 90 விழுக்காட்டைத் திரும்ப உள்ளே எடுத்துக்கொள்கிறது. எடுப்பவை அண்மைச் சுருள்குழலின் (வடிகட்டியை அடுத்துள்ள நுண்குழாயின்) சுவரில் இருக்கும் கடத்திகள், அதாவது பாஸ்பேட்டை உள்ளே ஏற்றும் புரதங்கள். கழுத்திலுள்ள இணைத்தைராய்டுச் சுரப்பிகளின் ஹார்மோனும் எஃப்ஜிஎஃப் 23 (FGF23) என்ற ஹார்மோனும் அந்தக் கடத்திகளைச் சுவரிலிருந்து இறக்கிவிடுகின்றன. பாஸ்பேட் சிறுநீரோடு போய்விடுகிறது. வைட்டமின் டி விஷயத்தில் மட்டும் இரண்டும் எதிரெதிர். இணைத்தைராய்டு ஹார்மோன் அதன் செயல்வடிவத்தைக் கூட்டுகிறது, குடலிலிருந்து பாஸ்பேட் கூடுதலாக உள்ளே வருகிறது. எஃப்ஜிஎஃப் 23 அதைக் குறைத்து வரவையே அடைக்கிறது. எலும்புச் செல்களே சுரக்கிற ஹார்மோன் இது. பெட்டகமே ஆள் அனுப்பி ‘போதும்’ என்று சொல்வதுபோல. எனக்கு இதில் தீராத வியப்பு.

சிறுநீரகம் தளரும்போது வெளியேற்றம் தடுமாறும். உடனே இந்த இரண்டு ஹார்மோன்களும் ஏறும். மிச்சமிருக்கும் வடிகட்டிகளை விரட்டி வேலை வாங்கி, ரத்த அளவை நெடுநாள் எல்லைக்குள்ளேயே வைத்திருக்கும். தாளில் 4.1 வரும். அதற்கு உடம்பு கொடுக்கும் விலை தாளில் வராது.

இதைக் கேட்ட அப்பச்சி, “அப்ப வரவு மிஞ்சுது, பெட்டியில தெரியல” என்றார். இதைவிடத் தெளிவாக நான் எழுதப் போவதில்லை.

ஆகவே இரண்டு சொல் வேண்டும். ரத்த அளவு எல்லைக்குள் நிற்பதற்குச் ‘சமநிலை’ இருக்கட்டும். உள்ளே வந்ததற்கும் வெளியே போனதற்கும் உள்ள கணக்குக்குப் ‘பற்றுவரவு’ என்று முன்மொழிகிறேன். கூடினால் ‘வரவு மிகை’, குறைந்தால் ‘பற்று மிகை’, ஒத்துப்போனால் ‘நேர்’. வளரும் குழந்தைக்கு எலும்பு கட்டுவதற்காக எப்போதும் வரவு மிகைதான் இருக்கும். அந்தக் குழந்தைக்குச் ‘சமநிலை இல்லை’ என்று எழுதினால் பெற்றவள் பயந்துபோவாள்.

‘ஐந்தொகை’ என்று ஒருவர் சொல்லியிருந்தார். எங்கள் பக்கத்துச் சொல், மனசுக்கு நெருக்கமானது, இலங்கையிலும் வழங்குவது. ஆனாலும் அது ஒரு குறிப்பிட்ட நாளில் கையிருப்பும் கடனும் என்ன என்று காட்டும் ஏடு. நமக்கு வேண்டியது நாளுக்கு நாள் போக்குவரத்து. அதனால் மனமில்லாமல் விடுகிறேன்.

பாஸ்பேட்டைச் சிறுநீரில் கழிய வைக்கும் (phosphaturic) ஹார்மோனுக்குச் சொன்ன ‘கழிப்பூக்கி’ பற்றி: இந்த ஹார்மோன்கள் பாஸ்பேட்டை வெளியே தள்ளுவதில்லை, மீட்பைத்தான் தடுக்கின்றன. இருந்தாலும் நோயாளிக்கு விளைவு தெரிந்தால் போதும் என்பதால் ஏற்கிறேன். எஃப்ஜிஎஃப் 23-ஐ மட்டும் ‘நார்ச்செல் வளர்ச்சிக் காரணி’ என்று பெயர்க்க வேண்டாம். அது இங்கே செய்யும் வேலைக்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பே இல்லை. எழுத்தும் எண்ணுமாகவே இருக்கட்டும்.

ஒரு ஐயம். ‘பற்று’ என்றதும் சிலருக்குக் கடன் வாங்குவது நினைவுக்கு வருமோ? ‘பற்று மிகை’க்குப் பதில் ‘செலவு மிகை’ போடலாமா? மதுரை, யாழ்ப்பாண நண்பர்கள் உங்கள் ஊரில் எது காதுக்குப் பழக்கம் என்று எழுதுங்கள். கையேடு அச்சுக்குப் போகுமுன் திருத்திவிடுகிறேன்.