பன்னிரண்டாம் நாளில் திரும்பிய உதிரப்போக்கு

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு ஒடுகத்தூரில் அம்மா வீட்டில் இருந்தேன். முதல் 4 நாட்கள் நல்ல சிவப்பாக இருந்த உதிரப்போக்கு பிறகு பழுப்பாகிக் குறைந்துவிட்டதால், இனி வெளிறி 6 வாரத்துக்குள் நின்றுவிடும் என்று மூத்தவன் பிறந்தபோது நடந்ததை வைத்து நம்பியிருந்தேன். 12ஆம் நாள் மாலை அது மறுபடியும் புது இரத்தமாக வரத் தொடங்கியது. "அழுக்கு இரத்தம்தானே, போனால்தான் வயிறு சுத்தமாகும்" என்று சொல்லிக்கொண்டே அம்மா பூண்டுக் குழம்பை ஊற்றினார். நானும் மறுத்துப் பேசவில்லை.

மறுநாள் காலை குழந்தையைப் பார்க்க வந்த கிராம சுகாதாரச் செவிலியர், "ஒரு நாப்கின் நனைய எவ்வளவு நேரம் ஆகிறது?" என்று கேட்டார். இரவு பால் கொடுக்க எழுந்த நேரங்களை எண்ணிப் பார்த்தபோதுதான், கடைசி இரண்டும் ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை என்பது எனக்கே உறைத்தது. (அம்மா சொன்னபடி பழைய வேட்டித் துணியை மடித்து வைத்திருந்தால் இந்தக் கணக்கைச் சொல்லியிருக்க முடியாது.) விடியற்காலையில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி விழுந்ததையும், எழுந்து நின்றால் கண் இருட்டுவதையும் அப்போதுதான் சொன்னேன். அவர் அடிவயிற்றை அழுத்திப் பார்த்து, இந்நேரம் இடுப்பெலும்புக்குள் இறங்கியிருக்க வேண்டிய கருப்பை இன்னும் கைக்குத் தட்டுப்படுகிறது என்று சொல்லி, உடனே 108க்கு அழைத்தார்.

அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் எடுத்த ஸ்கேனில், நஞ்சுக்கொடியின் சிறு துண்டு உள்ளேயே தங்கியிருப்பது தெரிந்தது. அது இருக்கும்வரை கருப்பை முழுதாகச் சுருங்காது, சுருங்காவிட்டால் அந்த இடத்து இரத்தக் குழாய்கள் மூடாது, கிருமித்தொற்றும் எளிதில் ஏற்படும் என்று மருத்துவர் விளக்கினார். மயக்க மருந்து கொடுத்து அதை அகற்றி, 2 யூனிட் இரத்தம் ஏற்றினார்கள். பிரசவம் பார்த்த தனியார் மருத்துவமனையில் நஞ்சுக்கொடி முழுமையாக வந்துவிட்டதா என்று சரியாகப் பார்த்திருக்கலாமே என்ற மனத்தாங்கல் எனக்கு இன்னும் உண்டு; பிரசவமாகி 12 வாரம் வரைகூட இப்படிப்பட்ட இரத்தப்போக்கு வரலாம் என்பதையாவது வீட்டுக்கு அனுப்பும்போது சொல்லியிருக்கலாம்.

அதன்பின் பல மாதங்கள் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டேன். மாத்திரை போட்ட வேளையில் டீ குடிக்கக் கூடாது என்றார்கள். எனக்கு அதுதான் பெரிய பத்தியமாக இருந்தது.