கீதா ஜயந்தியும் வைகுண்ட ஏகாதசியும் வெவ்வேறு நாள்களில் வந்தால் பாராயணம் எந்த நாளில்?

வினா: குருகிராம் இல்லத்தரசி

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் ஏழு ஆண்டுகளாக குருகிராமில் வசிக்கிறோம். எங்கள் குடியிருப்பில் ஹரியானா, உத்தரப் பிரதேசக் குடும்பங்களே மிகுதி. 2025 டிசம்பர் 1 அன்று அவர்கள் கீதா ஜயந்தி என்று ஒன்றுகூடி, பதினெட்டு அத்தியாயங்களையும் காலையில் தொடங்கி உச்சிப்பொழுதுக்குள் பாராயணம் செய்து முடித்தார்கள். நானும் உடன் அமர்ந்து கேட்டேன். அன்று மாலை, ஸ்ரீரங்கத்தில் இருக்கும் என் மாமியாரிடம் தொலைபேசியில் இதைச் சொன்னபோது, "கீதை பிறந்தது மார்கழி வளர்பிறை ஏகாதசியில் அல்லவா? இன்று கார்த்திகை பதினைந்துதானே ஆகிறது? நம் ஏகாதசி டிசம்பர் 30ஆம் தேதிதான்" என்றார்கள். பெரியவர்களிடம் வாதிடத் தோன்றவில்லை. ஆனால் மனத்தில் ஐயம் தங்கிவிட்டது.

என் ஐயங்கள் மூன்று. எந்த நாள் சரியானது? என் கையில் உள்ள புத்தகத்தில் 701 சுலோகங்களும், பக்கத்து வீட்டாரின் புத்தகத்தில் 700 சுலோகங்களும் இருப்பது ஏன்? வடமொழி கற்காத நான், தமிழ்ப் பொருளை மட்டும் வாசித்தால் அது பாராயணம் ஆகுமா?

மறுமொழி 1: பஞ்சாங்க மாணவன்

அம்மா, தங்கள் மாமியார் சொன்னதிலும் பிழையில்லை, பக்கத்து வீட்டார் செய்ததிலும் பிழையில்லை. இரு சாராரும் வெவ்வேறு மாதக் கணக்கைப் பின்பற்றுகிறார்கள்.

கீதா ஜயந்தி சாந்திரமானப்படி, அதாவது சந்திரனைக் கொண்டு மாதம் எண்ணும் முறைப்படி, மார்கசீரிஷ மாதத்து வளர்பிறை ஏகாதசி. வடநாட்டில் மோக்ஷதா ஏகாதசி என்பார்கள். பௌர்ணமியில் மாதத்தை முடிக்கும் வடநாட்டுக் கணக்கிலும், அமாவாசையில் முடிக்கும் தெலுங்கு, கன்னடக் கணக்கிலும் வளர்பிறைக்கு மாதப் பெயர் மாறுவதில்லை. ஆகவே அவர்களுக்குள் வேறுபாடு எழுவதில்லை. நம் மார்கழியோ சூரியன் தனுர் ராசியில் புகும் நாளில், ஏறத்தாழ டிசம்பர் 16இல், பிறப்பது. வைகுண்ட ஏகாதசி சூரியனைக் கொண்டு எண்ணும் அந்தச் சௌர மார்கழிக்குள் வரும் வளர்பிறை ஏகாதசி.

அமாவாசைக்குப் பின் ஏகாதசி வருவதற்குள் மார்கழி பிறந்துவிட்டால் இரு விழாக்களும் ஒரே ஏகாதசியில் அமையும். ஏகாதசி கழிந்த பின் மார்கழி பிறந்தால், கீதா ஜயந்தி நம் கார்த்திகையில் நின்றுவிடும். வைகுண்ட ஏகாதசி அடுத்த வளர்பிறைக்குத் தள்ளிப்போகும். 2025இல் நிகழ்ந்தது இதுதான். நவம்பர் 20 அமாவாசைக்கு அடுத்துத் தொடங்கிய வளர்பிறையின் ஏகாதசி டிசம்பர் 1இல் வந்தது. மார்கழியோ டிசம்பர் 16இல்தான் பிறந்தது. டிசம்பர் 30 ஏகாதசியை வடநாட்டார் பௌஷ மாதக் கணக்கில் புத்ரதா ஏகாதசி என்று கொண்டாடினார்கள். அன்றுதான் நமக்கு வைகுண்ட ஏகாதசி. 2024ஆம் ஆண்டு கீதா ஜயந்தி டிசம்பர் 11, வைகுண்ட ஏகாதசி 2025 ஜனவரி 10.

சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு என்பதால் இவ்விலகல் ஆண்டுதோறும் கூடி, அதிக மாதம் என்னும் கூடுதல் சந்திர மாதம் ஒன்று வரும்போது சரியாகும். 2026இல் மே 17 முதல் அதிக ஜ்யேஷ்டம் வருவதால், டிசம்பர் 20, மார்கழி 5ஆம் நாள், இரண்டும் சேர்ந்தே வருகின்றன. அன்று தங்கள் இல்லத்தில் இந்தக் கேள்வியே எழாது.

இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். மகாபாரதத்தில் கீதை அமைந்துள்ள பீஷ்ம பர்வப் பகுதியில் இந்தத் திதி சொல்லப்படவில்லை. கார்த்திகை மாதத்து ரேவதி நட்சத்திரத்தில் கண்ணன் தூது புறப்பட்டதையும், ஏழு நாளில் அமாவாசை வருகிறது, அன்று போர் தொடங்கட்டும் என்று கர்ணனிடம் அவர் சொன்னதையும் உத்யோக பர்வத்தில் காண்கிறோம். ஏகாதசியில் உபதேசம் நிகழ்ந்தது என்பது வழிவழியாக வந்த கொள்கை. அதனால் அதன் பெருமை குறைந்துவிடவில்லை.

மறுமொழி 2: திருவரங்கத்து அடியேன்

முன்னவர் விளக்கத்தோடு ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். தங்கள் மாமியாருக்கும் இது நினைவிருக்கும். 2021இல் திருவரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி கார்த்திகை மாதத்திலேயே, டிசம்பர் 14 அன்று நடைபெற்றது. மார்கழிக் கணக்கில் அது 2022 ஜனவரி 13இல் வந்து தைத் திருநாளோடு மோதியிருக்கும் என்பதால், பத்தொன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை இவ்வாறு முன்னதாகவே நடத்துவது இத்தலத்து மரபு. அதே டிசம்பர் 14தான் அவ்வாண்டின் கீதா ஜயந்தியும். ஆக, கார்த்திகையில் வரும் ஏகாதசியை அரங்கனே ஏற்றுக்கொண்ட ஆண்டு ஒன்று உண்டு என்பதை அவர்களிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

மறுமொழி 3: பாடசாலை ஆசிரியர்

701 பற்றி: பதின்மூன்றாம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் "ப்ரக்ருதிம் புருஷம் சைவ" என்று அர்ஜுனன் கேட்பதாக ஒரு சுலோகம் சில பதிப்புகளில் உண்டு, பலவற்றில் இல்லை. அதைச் சேர்த்தால் அந்த அத்தியாயம் 35, சேர்க்காவிட்டால் 34. தங்கள் புத்தகத்தில் குறையொன்றும் இல்லை.

தங்கள் மூன்றாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. அதற்கு விடை பதினெட்டாம் அத்தியாயத்திலேயே இருக்கிறது. நம் இருவருடைய இந்த உரையாடலைக் கற்பவன் ஞான வேள்வியால் என்னை வழிபட்டவனாகிறான் என்று 70ஆம் சுலோகத்தில் பகவான் சொல்கிறார். அடுத்த சுலோகத்தில், பொறாமையின்றிச் சிரத்தையோடு கேட்கிறவனும் விடுதலை பெற்று நல்லுலகங்களை அடைவான் என்கிறார். டிசம்பர் 1 அன்று தாங்கள் அமர்ந்து கேட்டீர்களே, அதுவே இவ்விழாவுக்கு உரிய வழிபாடு. இந்த நாளில் மூர்த்திக்குச் செய்யும் அலங்காரத்தைவிட நூலுக்குக் கொடுக்கும் நேரமே பெரிது என்று அடியேன் உறுதியாக எண்ணுகிறேன்.

தமிழில் பொருளறிந்து ஓதுவது நம்மவர்க்குப் புதிதும் அன்று. இராமாநுசருக்கு முந்தைய வைணவ ஆசாரியரான ஆளவந்தார் கீதையின் சாரத்தை 32 வடமொழிச் சுலோகங்களில் கீதார்த்த சங்கிரகமாக அருளினார். முதல் ஆறு அத்தியாயங்கள் கர்மமும் ஞானமும், நடு ஆறு பக்தி, இறுதி ஆறு முன் சொன்னவற்றின் தெளிவு என்னும் பகுப்பை அதில் காட்டினார். இராமாநுசரின் கீதா பாஷ்யம் அவ்வழியே நடக்கிறது. பின்வந்த ஆசாரியரான வேதாந்த தேசிகரோ அதே சாரத்தைத் தமிழ்ப் பாசுரங்களாகவே பாடி வைத்தார்.

முழுப் பாராயணத்துக்கு மூன்றிலிருந்து நான்கு மணி நேரம் ஆகும். குழந்தைகள் உள்ள வீட்டில் அது இயலாவிட்டால், இருபது சுலோகங்களே உள்ள பன்னிரண்டாம் அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சுலோகத்தை ஒருவர் வடமொழியில் சொல்ல, அதன் பொருளை மற்றொருவர் தமிழில் வாசிக்கட்டும். ஒன்பது வயதுக் குழந்தையும் இதில் சேரலாம். "யாரையும் வெறுக்காதவன்" என்று தொடங்கும் 13ஆம் சுலோகத்தில் நின்று, சற்றுப் பேசிவிட்டு மேலே செல்லுங்கள்.

மறுமொழி 4: வடநாட்டு யாத்ரிகர்

குருகிராமிலிருந்து குருக்ஷேத்திரம் நான்கு மணி நேரத்துக்குள் சென்று சேரும் தொலைவுதான். ஹரியானா அரசு 2016 முதல் சர்வதேச கீதா மகோத்சவம் என்ற பெயரில் அங்கே பல நாள் விழா நடத்துகிறது. பிரம்ம சரோவரத்தின் கரைகளில் கைவினைக் கடைகள் நிறைந்திருக்கும். கூட்டம் ஒத்துக்கொள்ளாதவர்கள் ஏகாதசிக்கு முந்தைய நாள்களில் செல்வது நல்லது. ஏகாதசி மாலையில் படித்துறைகள் முழுவதும் விளக்கேற்றும் காட்சியை வேண்டுபவர்கள் கூட்டத்தைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பெஹோவா சாலையில் உள்ள ஜ்யோதிசரைத் தவறவிடாதீர்கள். உபதேசம் நிகழ்ந்த இடமென்று போற்றப்படும் ஆலமரம் அங்கே நிற்கிறது. 1924இல் தர்பங்கா மன்னர் அதைச் சுற்றி மேடை அமைத்தார். 1967இல் காஞ்சி காமகோடி பீடத்துச் சங்கராசாரியர் கிழக்கு நோக்கிய கீதோபதேசப் பளிங்குத் தேரை நிறுவினார். காஞ்சியின் கைங்கரியத்தை அவ்வளவு தொலைவில் கண்டபோது என் தாயார் வெகுநேரம் அங்கிருந்து எழவில்லை.

வினா எழுப்பியவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. 2021ஆம் ஆண்டுச் செய்தியை மாமியாரிடம் சொன்னேன். அந்த ஆண்டு கார்த்திகையில் பரமபத வாசல் திறந்தபோது தாம் சென்று சேவித்ததாகவும், அன்றே கீதா ஜயந்தி என்பது தமக்குத் தோன்றவில்லை என்றும் சொன்னார்கள். டிசம்பர் 20க்கு அவர்களை இங்கே வரவழைக்க இருக்கிறோம். பன்னிரண்டாம் அத்தியாயத்தை வடமொழியில் அவர்கள் சொல்ல, பொருளை என் மகள் வாசிப்பாள்.