எமிஸ் தளம்: ஆசிரியருக்கு வேண்டியது பயிற்சியா, பாரக் குறைப்பா?

வளமையத்தான்:
எல்லாருக்கும் வணக்கம். நான் வட்டார வளமையத்தில் ஆசிரியர் பயிற்றுநர். எங்கள் ஒன்றியத்துத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள், பள்ளி, மாணவர் விவரங்களைப் பதியும் கல்வித் துறையின் எமிஸ் தளத்தை இன்னும் நன்றாகப் பயன்படுத்த உதவும் வேலை இந்த வருடம் என்னிடம் வந்திருக்கிறது. வழக்கம்போல் எல்லாரையும் குறுவள மையத்துக்கு வரவழைத்து, ப்ரொஜெக்டரில் ஒவ்வொரு பக்கமாகக் காட்டிவிட்டு நாலரை மணிக்கு அனுப்பிவிடலாம். எனக்கு அதில் நம்பிக்கை போய்விட்டது. போன வருடம் அப்படி நடத்தினேன். மறுவாரமே வந்தவர்களில் பாதிப் பேர் அன்று காட்டியதையே போன் போட்டுக் கேட்டார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. பள்ளி மாறும் பிள்ளையை எப்படிச் சேர்ப்பது என்று ஜனவரியில் காட்டினால் ஜூனில் யாருக்கு நினைவிருக்கும்?

இந்த முறை பள்ளி பள்ளியாகப் போகலாம் என்றிருக்கிறேன். ஆசிரியர் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். போன் அவர் கையிலேயே இருக்கட்டும், நான் தொடமாட்டேன். அன்றைக்கு அவருக்கு எது முடியவில்லையோ அதை மட்டும் பார்ப்போம். இது சரிவருமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மலையோரப் பள்ளி:
சார், உங்கள் நல்ல மனசுக்கு நன்றி. ஆனால் நோய் ஒன்று, நீங்கள் தரும் மருந்து வேறு.

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி, கல்வராயன் மலைப்பக்கம். ஐந்து வகுப்பு, 34 பிள்ளைகள், நானும் இன்னொரு டீச்சரும். சிக்னல் வேண்டுமென்றால் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் புளியமரத்தடிக்குப் போக வேண்டும். நான் அங்கே நிற்கும் பத்து நிமிடமும் மூன்று வகுப்புப் பிள்ளைகள் ஆளில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். வருகைப் பதிவு, விலையில்லாப் பொருள் வழங்கியது, உடல்நல விவரம், ஆதார், வங்கிக் கணக்கு, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம், அப்புறம் மதிப்பீடு. இதில் எதையும் பதியத் தெரியாமல் நான் விழிக்கவில்லை. நன்றாகவே தெரியும். நேரம்தான் இல்லை.

2023-இல் தொடக்கப் பள்ளி ஆசிரியர் சங்கங்களின் கூட்டமைப்பான டிட்டோஜாக் வைத்த கோரிக்கைகளில் எமிஸ் பதிவுப் பணியிலிருந்து ஆசிரியரை விடுவிக்க வேண்டும் என்பதும் ஒன்று. கற்றுக்கொள்ளச் சோம்பல்பட்டு யாரும் அதைக் கேட்கவில்லை. பாடம் நடத்த விடுங்கள் என்றுதான் கேட்டார்கள். 2024-இல் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கைக்கணினி கொடுத்தார்கள். நல்ல பொருள், பிள்ளைகளுக்குப் படம் காட்ட நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் கருவி புதிதாக வந்ததால் பதிய வேண்டியது ஒன்றும் குறைந்துவிடவில்லையே.

இரண்டாம் வகுப்பு டீச்சர்:
மலையோரப் பள்ளி சார் சொல்லும் பாரம் எனக்கும் தெரியும். ஆனாலும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நாம் தளத்தில் போடுவதோடு நின்றுவிடுகிறோம், அதிலிருந்து எடுப்பதில்லை.

என் வகுப்பில் ஒரு பையன். நன்றாகப் படிப்பான், ஆனால் கழித்தலில் கடன் வாங்குவது மட்டும் அவனுக்கு வரவே இல்லை. ஒரு நாள் மாத வருகை அறிக்கையைத் திறந்து அவன் பெயருக்கு நேராக விரலை ஓட்டினேன். நாலு திங்கட்கிழமையும் வரவில்லை. எங்கள் ஊரில் திங்கட்கிழமை சந்தை. அவன் அம்மா கீரைக்கடை போடுகிறார், தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள இவன் வீட்டில் நின்றுவிடுகிறான். நானோ புதுக் கணக்கை எப்போதும் திங்களன்றுதான் தொடங்குவேன். செவ்வாய்க்கு மாற்றினேன். அம்மாவிடமும் பேசினேன், தங்கச்சியை அங்கன்வாடியில் விட்டார். இப்போது மாதத்தில் ஒரு திங்கள்தான் தவறுகிறது.

இதை எனக்கு எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தரவில்லை. எங்கே தொட்டுப் பதிவது என்று சொன்னார்களே தவிர, பதிந்ததை என் வகுப்புக்கு எப்படித் திருப்புவது என்று யாரும் சொல்லவில்லை. வளமையத்தான் சார், உங்கள் ஒரு மணி நேரத்தில் பாதியை இதற்கு ஒதுக்குங்கள்.

பழைய ஹெச்.எம்.:
டீச்சர், நீங்கள் செய்தது அருமையான காரியம். ஆனால் அதற்குத் தளம் எதற்கு? 33 வருடம் வருகைப் பதிவேட்டோடு வாழ்ந்தவன் நான். ஒரு மாதம் முழுக்க ஒரே பக்கத்தில் கிடக்கும். திறந்ததும் எந்தப் பிள்ளை எந்தக் கிழமையில் வராது என்று கண்ணில் பட்டுவிடும். மாதக் கடைசியில் கூட்டல் போடும்போது கையே காட்டிக்கொடுக்கும். இன்றைய ஆசிரியருக்கு அந்தக் கூட்டல் வேலை இல்லாமல் போனதால் அந்தப் பார்வையும் போய்விட்டது என்பது என் வருத்தம். போனில் அன்றைய பட்டியல் மட்டும் வரும், ஒரு தட்டுத் தட்டினால் முடிந்தது.

இரண்டாம் வகுப்பு டீச்சர்:
ஒப்புக்கொள்கிறேன் ஐயா. பதிவேட்டின் அந்த ஒரு பக்கப் பார்வைக்கு ஈடில்லை. ஆனால் பிள்ளை மூன்றாம் வகுப்புக்குப் போனால் என் பதிவேடு பீரோவுக்குள் போய்விடும். அடுத்த டீச்சர் அதைத் தேடி எடுப்பாரா? தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் வந்ததிலிருந்து பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து நடத்துகிறோம். ஜூனில் புது வகுப்பு வரும்போது யார் எந்த நிலையில் நின்றார்கள் என்று தெரிந்தால் இரண்டு வாரம் மிச்சம். என்னிடமிருந்து போகும் பிள்ளைகளுக்கு அந்த விவரத்தைத் தளத்தில் பார்த்து ஒரு தாளில் எழுதி மூன்றாம் வகுப்பு டீச்சரிடம் கொடுத்துவிடுகிறேன்.

மலையோரப் பள்ளி:
ஈராசிரியர் பள்ளியில் அடுத்த டீச்சரும் நான்தான், டீச்சர்! ஐந்து வருடமும் என் கண் முன்னால்தான் வளர்கிறார்கள். அந்தத் தாள் உங்களைப் போன்ற பெரிய பள்ளிக்கு நல்லது, மறுக்கவில்லை. எனக்கு வேண்டியது வேறு. நாலைந்து பள்ளிக்கு ஒரு பதிவாளர் போடுங்கள். விவரத்தைத் தாளில் தருகிறேன், அவர் ஏற்றட்டும். அதற்கப்புறம் எத்தனை மணி நேரப் பயிற்சி வேண்டுமானாலும் கொடுங்கள், முதல் ஆளாக உட்காருகிறேன்.

ஆய்வக நிர்வாகி:
நான் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணினி ஆய்வகம் பார்க்கிறேன். பள்ளியின் பதிவு வேலையும் என்னிடம்தான். ஆக, மலையோரப் பள்ளி சார் கேட்கும் அந்தப் பதிவாளர் நானேதான். அதனால் உள்ளதைச் சொல்கிறேன்.

தாளைப் பார்த்து ஏற்றுகிறேன். பிள்ளையை எனக்குத் தெரியாது. போன வருடம் ஒரு பெண் பிள்ளையின் பெயரில் ழகரம் வர வேண்டிய இடத்தில் ளகரம் போட்டுவிட்டேன். தந்தையின் முதலெழுத்தும் மாறிவிட்டது. தாளில் கையெழுத்து அப்படித்தான் தெரிந்தது, ஆனாலும் தவறு என்னுடையதுதான். பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் இந்த விவரத்திலிருந்துதான் போகிறது. அப்போதும் யாரும் கவனிக்காவிட்டால் மதிப்பெண் சான்றிதழ்வரை அந்த ளகரம் போய்ச் சேர்ந்திருக்கும். கண்டுபிடித்தவர் வகுப்பாசிரியர். பிள்ளைகளை ஒவ்வொருவராக மேசைக்குக் கூப்பிட்டு, திரையைக் காட்டி, “உன் பேரைப் படி, சரியா இருக்கா?” என்று கேட்டார். நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு பாடவேளைகூட ஆகவில்லை. மூன்று பெயர் தவறு, பதினொரு போன் நம்பர் மாறியிருந்தது. பெற்றோர் ரீசார்ஜ் சலுகைக்காக சிம்மை மாற்றிவிடுகிறார்கள், நம்மிடம் பழைய நம்பர் கிடக்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுக் குறுஞ்செய்தி போவதும் பதிந்த நம்பருக்குத்தான்.

தட்டச்சு செய்ய நான் போதும். சரிபார்க்க ஆசிரியர்தான் வேண்டும்.

பழைய ஹெச்.எம்.:
இந்தப் பெண் சொன்னது முழுக்கச் சரி. அந்தப் பெயர் படிக்கும் வேலையை ஒவ்வொரு ஜூலையிலும் எல்லா வகுப்பிலும் செய்யலாம், பிறப்புச் சான்றிதழை எடுத்துவரச் சொல்லி.

வளமையத்தான்:
மலையோரப் பள்ளி சார், பாரம் குறைய வேண்டும் என்பதில் உங்கள் பக்கம்தான் நிற்கிறேன். என்னால் முடிந்த இடத்தில் எழுதியும் கொடுக்கிறேன். ஆனால் ஒன்றில் உடன்பட முடியவில்லை. பாரம் குறையும்வரை உதவியும் வேண்டாம் என்று நிறுத்தினால் இடையில் நஷ்டப்படுவது பிள்ளைகள். எங்கள் ஒன்றியத்தில் மூன்று பள்ளிகளில் தலைமை ஆசிரியர் மாறி ஒரு வருடம் ஆகியும் ஓடிபி பழைய தலைமை ஆசிரியரின் போனுக்கே போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் அவரை அழைத்து, அவர் எடுக்கும்வரை காத்திருந்து, எண்ணைச் சொல்லச் சொல்லி, அதற்குள் அது காலாவதியாகி... புது நம்பரை மாற்றிக் கொடுக்க எனக்கு ஆன நேரம் கொஞ்சம்தான். ஒரு வருடச் சிரமம் அது. இப்படிப்பட்டவை பாரத்திலேயே சேர்த்தி, இவற்றை இன்றைக்கே இறக்கிவைக்கலாம்.

மலையோரப் பள்ளி:
சரி, அந்த ஓடிபி விஷயத்தை ஏற்கிறேன். எங்கள் பள்ளியிலும் அந்தக் கதை உண்டு.

கேட்டுவிடுகிறேன். கரும்பு வெட்டப் போன குடும்பம் ஒன்று திரும்பி வந்திருக்கிறது. இரண்டு பிள்ளைகள். மூத்தவள் நாலாம் வகுப்பு, போன ஊரில் ஒரு பள்ளியில் மூன்று மாதம் படித்திருக்கிறாள். மாற்றுச் சான்றிதழ் இல்லை. தளத்தில் தேடினால் அந்தப் பள்ளியில் இருப்பதாகவே காட்டுகிறது. இங்கே சேர்க்க முடியவில்லை. புதிதாகப் பதிந்துவிடலாமா என்று யோசிக்கிறேன். நேற்றுச் சீருடைக்கு அளவு எடுத்தபோது அவள் பெயரை வாசிக்கவில்லை என்று மூலையில் போய் நின்றுகொண்டாள்.

வளமையத்தான்:
சார், புதிதாக மட்டும் பதிந்துவிடாதீர்கள். ஒரே பிள்ளைக்கு இரண்டு எண் ஆகிவிடும், பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு. அவள் படித்ததெல்லாம் பழைய எண்ணிலேயே தங்கிவிடும்.

முதலில் செய்ய வேண்டியது: அந்தப் பள்ளித் தலைமை ஆசிரியர் அவளைத் தளத்தின் பொதுத் தொகுப்புக்கு, அதாவது எந்தப் பள்ளியிலும் இல்லாத பிள்ளைகள் பட்டியலுக்கு, விடுவிக்க வேண்டும். விடுவித்ததும் நீங்கள் அவளுடைய எமிஸ் எண்ணைப் போட்டுத் தேடி உங்கள் பள்ளிக்கு எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பள்ளியின் அடையாள எண்ணான யுடைஸ் எண்ணை எனக்கு அனுப்புங்கள், 33-இல் தொடங்கும் பதினொரு இலக்கம். அந்த ஒன்றியத்தின் பயிற்றுநரை நானே அழைத்துப் பேசுகிறேன். இதற்காக நீங்கள் வகுப்பை விட்டு வர வேண்டாம். தளத்தில் ஏறுவதற்குத் தாமதமானாலும் பிள்ளை வகுப்பில் உட்காரத் தடையில்லை. கல்வி உரிமைச் சட்டப்படி மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்பதற்காகச் சேர்க்கையை நிறுத்திவைக்கக் கூடாது. நாளைக்கே அவள் பெயரை வருகைப் பதிவேட்டில் எழுதி உரக்க வாசியுங்கள்.

இரண்டாம் வகுப்பு டீச்சர்:
சீருடைக்கும் அவளிடம் அளவு எடுத்துவிடுங்கள் சார்.

மலையோரப் பள்ளி:
எடுத்துவிடுகிறேன் டீச்சர். யுடைஸ் எண்ணை அவள் அம்மா வைத்திருக்கும் பழைய முன்னேற்ற அட்டையில் பார்த்து இன்று மாலைக்குள் அனுப்புகிறேன் சார். பதிவாளர் கோரிக்கையை நான் விடப் போவதில்லை. ஆனால் வியாழக்கிழமை வருவதாக இருந்தால் வாருங்கள். காலை எட்டே முக்காலுக்குப் புளியமரத்தடியில் சிக்னல் நன்றாக இருக்கும், பிள்ளைகள் வருவதற்குள் முடித்துவிடலாம்.