ஆமைக் குஞ்சுக்குச் சூடும் ஈரமும்: உங்களுக்கு என்ன நேர்ந்தது?

ஈரமண்:
கூட வேலை செய்பவர் வீட்டு சல்காட்டா என்கிற ஆப்பிரிக்க ஆமை முட்டையிட்டது, குஞ்சுகள் பொரிந்தன, எனக்கும் ஒரு குஞ்சு கிடைத்தது. இங்கே மிச்சிகனில் குளிர்காலத்து ஹீட்டர் காற்றில் நம் உதடே வெடிக்கும். அதனால் கண்ணாடித் தொட்டி, தென்னை நார்த்தூள், செராமிக் ஹீட்டர், காலை மாலை ஸ்பிரே. ஈரப்பத மீட்டரின் முள் 80 சதவீதத்தை விட்டு நகரவே இல்லை. போன ஞாயிறு வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார வைத்து ஓட்டின் மேல் கட்டைவிரலால் தடவினேன். வழவழவென்று இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மேடு. பக்கத்தில் இன்னொன்று. ஒரு வயதுகூட ஆகவில்லை. வந்த மேடு இனி இறங்காது என்பதும் தெரியும். 80 இருந்தும் எப்படி? புரதம் கூடிவிட்டதா? புல்லும் கீரையும்தானே போட்டேன்.

டெக்சாஸ் கரிசல்:
எல்லோரும் ஈரத்தின் பின்னாலேயே ஓடுகிறீர்கள். சூடு போனால் அந்த ஈரமேதான் எமன். 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் எங்களுக்குக் கரண்ட் போய் இரண்டாம் இரவு, வீட்டுக்குள் 9 டிகிரி. தொட்டி மண் சொதசொதவென்று கிடந்தது. கேஸ் அடுப்பில் தண்ணீர் சுடவைத்து, பாட்டிலில் ஊற்றித் துண்டு சுற்றி, ஐஸ்பெட்டிக்குள் குஞ்சோடு வைத்தோம். விடிகாலை மூன்று மணிக்கு மூடியைத் திறந்து செல்போன் வெளிச்சம் அடித்தேன். மூக்கில் ஒரு குமிழி. உடைந்தது. மறுபடி வந்தது. ஆமைக்கு நம்மைப்போல் இருமித் துப்ப வராது, சளி உள்ளேயே தங்கிவிடும். மூன்று வாரம் ஊசி போட்டுத்தான் பிழைத்தது. இன்றைக்கும் விளக்கு ஒரு தரம் மினுக்கினால் நான் ஓடுவது அந்த அறைக்குத்தான். மேடு இருந்தால் என்ன, உயிரோடு இருக்கிறதே!

பழைய தொட்டி:
கரிசல் அண்ணா, அவர் கேட்டது மேட்டைப் பற்றி, நீங்கள் சொல்வது நிமோனியா. என்னுடையது செங்கால் ஆமை. முதல் குளிர்காலத்தில் நானும் இதே தப்பைச் செய்து ஓட்டைக் கெடுத்தேன், அவ்வளவுதான் என் கதை.

ஈரமண், புரதத்தை விடுங்கள். 2003-இல் வெளிவந்த வியன்னா ஆய்வு சல்காட்டாக் குஞ்சுகளை வைத்தே செய்தது. புரதத்தை விட, காற்று வறண்டிருப்பதே மேட்டுக்குப் பெரிய காரணம் என்று அதில் தெரிந்தது. சஹாரா ஓரத்து ஆமைக்கு எதற்கு ஈரம் என்று கேட்பார்கள். அது வளைக்குள் பதுங்கும் பிராணி, உள்ளே காற்று அப்படி வறளாது.

தொட்டிக்கு மேல் கம்பி வலைதானே போட்டிருக்கிறீர்கள்? சூடான காற்று ஈரத்தைத் தூக்கிக்கொண்டு அந்த வழியாகத்தான் போகிறது, மூடுங்கள். ஸ்பிரே அரைமணி நேரத்துக்குக்கூடக் காணாது. மூலைகளில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினால் அடிமண் நனைந்திருக்கும், மேல்மண் காய்ந்திருக்கும். ஹீட்டரைத் தெர்மோஸ்டாட்டில் மாட்டி, இரவிலும் 27 டிகிரிக்குக் கீழே விடாதீர்கள். விளக்கடியில் 35. அப்புறம் அந்த முள் மீட்டர்! பாட்டில் மூடியில் உப்பு போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, மீட்டரோடு ஜிப் கவரில் காற்றுப் புகாமல் மூடி ஓர் இரவு வையுங்கள். 75 காட்ட வேண்டும். கூடக் குறைய இருந்தால் அதுதான் உங்கள் பிழை.

மேலூரான்:
இதைப் படித்துவிட்டு ஊரில் யாரும் நட்சத்திர ஆமை வாங்கக் கிளம்பாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வைப்பதே குற்றம். எதிர்வீட்டுத் தாத்தா ராசி என்று ஒரு குஞ்சை வாளியில் வைத்திருந்தார், அதுவும் ஏசி அறையில். மழையோடு வெளியே வருகிற குஞ்சு அது. நான் காபி குடித்து முடிக்கும் வரை வாளிச் சுவரை நகத்தால் கீறிக்கொண்டே இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

டெக்சாஸ் கரிசல்:
வனத்துறைக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே?

மேலூரான்:
போட்டிருக்கலாம். இரண்டு மாதம் கழித்துப் போனபோது வாளியில் துணி ஊறிக்கொண்டிருந்தது.

ஈரமண்:
உப்பு வைத்துப் பார்த்தேன். காலையில் 93 காட்டியது. அப்படியானால் இத்தனை நாளும் உள்ளே இருந்தது 62தான்.