ஃபர்ம்வேருக்கு ‘நிலைப்பொருள்’ வேண்டாம், ‘அகநிரல்’ என்போம்: வைஃபை டாங்கிள் வழிகாட்டியை முன்வைத்து

நண்பர்களுக்கு வணக்கம்.

லினக்ஸுக்குப் புதிதாக வருபவர்களுக்காக நாம் எழுதிவரும் வைஃபை டாங்கிள் (யுஎஸ்பியில் செருகினால் கணினிக்கு வைஃபை தரும் சிறு கருவி) வழிகாட்டியில் மூன்று சொற்கள் இன்னும் முடிவாகவில்லை: அடாப்டர், டிரைவர் (கருவியை வேலை செய்யவைக்கும், கணினியில் ஓடும் நிரல்), ஃபர்ம்வேர் (கருவிக்குள்ளேயே ஓடும் நிரல்). முதல் இரண்டையும் சீக்கிரம் முடித்துவிடலாம். மூன்றாவதில் தவறான சொல்லைப் போட்டால் வாசகர் தேவையில்லாத வேலையில் இறங்கி, இருக்கிற கணினியையும் குழப்பிக்கொள்வார். அதனால் அதைப் பற்றித்தான் விரிவாக எழுதியிருக்கிறேன். மடல் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடாப்டருக்கு ‘ஏற்பி’, ‘தகவி’, ‘பொருத்தி’ என்று மூன்று பரிந்துரைகள் வந்தன. ‘ஏற்பி’ உயிரியல் பாடத்தில் வேறு பொருளில் ஊன்றிவிட்டது. நம் வாசகரில் பலர் மாணவர்கள். ‘தகவி’ நல்ல சொல்தான். ஆனால் மடிக்கணினியை மின்னூட்டும் கறுப்புப் பெட்டியும் அடாப்டர், வைஃபை டாங்கிளும் அடாப்டர். இரண்டையும் ‘தகவி’ என்றால் எந்தத் தகவி என்று ஒவ்வொரு தடவையும் விளக்க வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் போய் நிற்பவர் ‘வைஃபை டாங்கிள்’ என்றுதான் கேட்டு வாங்குகிறார். கடையில் கேட்ட பெயரே வழிகாட்டியிலும் இருக்கட்டும். டாங்கிள் என்றே எழுதுவோம்.

டிரைவருக்கு ‘இயக்கி’. இதை மாற்ற வேண்டாம். ‘ஓட்டி’, ‘செலுத்தி’ இரண்டும் வண்டியை நினைத்துச் செய்த சொற்கள். ஒரு கருவியை வேலை செய்யவைப்பது எது என்று கேட்டால் ‘இயக்கி’ நேரே பதில் சொல்கிறது. தமிழ் இடைமுகங்களிலும் அதுதான் பல காலமாகப் புழங்குகிறது. குமரி, நெல்லைப் பக்கத்து நண்பர்கள் இயக்கி என்றும் வழங்கும் இசக்கியம்மன் பெயரோடு மோதுமே என்று கேட்டார்கள். மோதாது. இடம் தெரிந்துதான் எல்லோரும் பொருள் கொள்வார்கள்.

ஆனால் ஒரு நிபந்தனை. தட்டு, வட்டு, பென்டிரைவ் போன்றவற்றுக்கு ‘இயக்கி’ என்றோ ‘இயக்ககம்’ என்றோ நம் வழிகாட்டியில் எழுதவே கூடாது. ஏன் என்று சொல்கிறேன். ரியல்டெக் 8821சியு சில்லு வைத்த மலிவான டாங்கிள்கள் பலவற்றைச் செருகியதும் அவை வைஃபை கருவியாகத் தம்மைக் காட்டிக்கொள்வதில்லை. ஒரு சின்ன குறுவட்டாகக் காட்டிக்கொள்கின்றன. உள்ளே விண்டோஸுக்கான இயக்கி இருக்கும். விண்டோஸ் பயனருக்கு அது வசதி. லினக்ஸில், செருகிய யுஎஸ்பி கருவிகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்யுஎஸ்பி’ கட்டளை கொடுத்தால் 0பிடிஏ:1ஏ2பி என்ற எண்ணோடு ஒரு வட்டுதான் தெரியும். ‘யுஎஸ்பி மோடு ஸ்விட்ச்’ என்ற நிரல் அந்த வட்டு வேடத்தைக் கலைத்த பிறகுதான் எண் மாறி, வைஃபை கருவி வெளியே வரும். இந்த இடத்தில் நாம் “இயக்ககத்தில் உள்ள இயக்கியைப் புறக்கணித்துவிட்டு இயக்கியை நிறுவவும்” என்று எழுதினால் யாருக்கு என்ன புரியும்? வட்டை வட்டு என்போம். இயக்கி என்றால் டிரைவர் மட்டும்.

சரி, இனி ஃபர்ம்வேர். முதலில் வந்த கேள்வி இது:

> ‘நிலைப்பொருள்’ ஏற்கெனவே இருக்கிறதே. மென்பொருள், வன்பொருள், நிலைப்பொருள் என்று வரிசையாகவும் வருகிறது. எதற்குப் புதுச்சொல்?

வரிசை அழகாகத்தான் இருக்கிறது. கணினியைத் தொடங்கிவைக்கும் பயாஸ் போல தாய்ப்பலகையிலேயே பதிந்து கிடப்பதை நிலைப்பொருள் என்றால் ஓரளவு பொருந்தவும் செய்யும். ஆனால் நம் வழிகாட்டி பேசும் பொருள் டாங்கிள். அதற்குள் ஃபர்ம்வேர் நிலைத்து இருப்பதே இல்லை.

ஏத்தரோஸ் ஏஆர்9271 சில்லை எடுத்துக்கொள்ளுங்கள். டாங்கிளைச் செருகியதும் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அதன் எண்ணைப் பார்த்து, உரிய இயக்கியான ‘ஏடிஎச்9கே எச்டிசி’யை எழுப்புகிறது. அந்த இயக்கி நம் கணினியின் வட்டில் ‘லிப்’ அடைவுக்குக் கீழே உள்ள ‘ஃபர்ம்வேர்’ அடைவில் ஒரு கோப்பைத் தேடுகிறது. ஏறத்தாழ 50 கிலோபைட் அளவுள்ள சின்னக் கோப்பு. கிடைத்தால் அதை யுஎஸ்பி வழியாகவே டாங்கிளுக்குள் அனுப்புகிறது. டாங்கிளுக்குள் ஒரு குட்டிச் செயலி உண்டு. வந்த நிரலைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு ஓடத் தொடங்குகிறது. அதன் பிறகுதான் வைஃபை பட்டியல் திரையில் வரும். டாங்கிளைப் பிடுங்கினால் மின்சாரம் போய்விடும், நிரலும் போய்விடும். மறுபடி செருகினால் மறுபடி முதலிலிருந்து. இதற்கு எப்படி ‘நிலை’ என்ற பெயரைக் கொடுப்பது?

அந்தச் சொல் பிறந்த கதையைப் பார்த்தாலும் ‘நிலை’ அதில் இல்லை. 1967இல் ஆஷர் ஓப்ளர் என்பவர் டேட்டாமேஷன் இதழில் எழுதிய கட்டுரையிலிருந்து அந்தச் சொல்லின் வரலாற்றைச் சொல்வார்கள். வன்மைக்கும் மென்மைக்கும் நடுவே உள்ள ஓர் உறுதி என்பதுதான் அங்கே கருத்து. அவர் எதிர்பார்த்ததே, எழுதி மாற்றக்கூடிய ஒரு சிறு நினைவகத்தில் ஏற்றப்படும் நுண்நிரலைத்தான் (மைக்ரோகோடு). பிறகு எழுதி அழிக்க முடியாத சில்லுகளில் பதிந்து விற்கும் காலம் வந்தது. ‘மாறாதது’ என்ற பொருள் ஒட்டிக்கொண்டது அங்கேதான். அந்தக் காலத்து ஒட்டுதலைத் தமிழில் நாம் ஏன் பெயராகவே சூட்டிக்கொள்ள வேண்டும்?

அப்படியானால் நடுவில் இருப்பதைக் காட்டும் சொல் செய்யலாமே என்று இரண்டு பரிந்துரைகள் வந்தன. ‘இடைப்பொருள்’ என்றால் மென்பொருள்களுக்கு இடையே பாலமாக நிற்கும் மிடில்வேரோடு மோதும். ‘திண்பொருள்’ எழுத்தில் நன்றாக இருக்கிறது. வகுப்பில் வாய்விட்டுச் சொன்னால் பாதிப் பேர் காதில் ‘தின்பொருள்’ என்று விழும். இயற்பியலில் திண்மம் வேறு இருக்கிறது. இரண்டையும் விட்டுவிடுவோம்.

எனக்கு முதலில் பிடித்திருந்தது ‘சில்லுநிரல்’. சில்லில் ஓடும் நிரல். விளக்கமே தேவையில்லை என்று நினைத்தேன். யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர் எழுதியதைக் கீழே தருகிறேன்.

> அண்ணை, சில்லு எண்டால் எங்களுக்குச் சைக்கிள் சில்லுதான். சில்லுநிரல் எண்டு வாசிச்சால் என்னவோ வண்டிச் சில்லுக்கான விசயம் எண்டுதான் முதலிலை நினைப்பம்.

இது தள்ளிவிடக்கூடிய மறுப்பு அல்ல. இயங்குதளம் என்பதற்கே அங்கே பாடப்புத்தகத்தில் பணிசெயல் முறைமை என்று இருக்கிறது. ஏற்கெனவே இரு கரைக்கும் நடுவே போதிய இடைவெளி விழுந்துவிட்டது. புதிதாகச் செய்யும் சொல்லாவது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி காதில் விழட்டும். ஆகவே சில்லுநிரலை நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

மிச்சம் இருப்பவை ‘கருவிநிரல்’, ‘சாதனநிரல்’, ‘அகநிரல்’. கருவி என்றால் கருவிப்பட்டை, திருத்தும் கருவி என்று மென்பொருளுக்குள்ளேயே ஆயிரம் கருவிகள் வந்துவிட்டன. ‘சாதனநிரல்’ இன்னும் ஆபத்து. டிவைஸ் டிரைவரைச் சாதன இயக்கி என்கிறோம். பக்கத்திலேயே சாதனநிரல் என்று வந்தால் புதியவர் இரண்டும் ஒன்று என்றுதான் எடுத்துக்கொள்வார். நாம் இவ்வளவு பாடுபடுவதே அந்த இரண்டையும் பிரித்துக் காட்டத்தான்.

அகநிரல் நிற்கிறது. கருவியின் அகத்தே ஓடும் நிரல். இயக்கி ஓடுவது நம் கணினியின் செயலியில், கெர்னலின் பகுதியாக. அகநிரல் ஓடுவது டாங்கிளுக்குள்ளே. பயாஸுக்கும் பொருந்தும், துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் பொருந்தும், ரவுட்டருக்கும் பொருந்தும். பதிந்து கிடந்தாலும் சரி, ஒவ்வொரு தடவையும் ஏற்றினாலும் சரி, ஓடும் இடம் அகம்தான். “எல்லா நிரலும் ஏதோ ஒன்றின் உள்ளேதானே ஓடுகிறது” என்று ஒருவர் கேட்டிருந்தார். உண்மைதான். ஆனால் அப்படிப் பார்த்தால் மென்பொருளில் எது மென்மை? சொல் ஒரு பக்கத்தைத் தொட்டுக்காட்டினால் போதும், மிச்சத்தைப் பழக்கம் பார்த்துக்கொள்ளும்.

இந்தப் பிரிப்பு புதியவருக்கு ஏன் உயிர்நாடி என்பதையும் சொல்லிவிடுகிறேன். டாங்கிளைச் செருகுகிறார், வைஃபை வரவில்லை. கெர்னலின் செய்திகளைக் காட்டும் ‘சுடோ டிஎம்இஎஸ்ஜி’ கட்டளையைக் கொடுத்துப் பார்க்கிறார். ‘ஃபர்ம்வேர் லோடு ஃபெயில்டு வித் எரர் -2’ என்று ஒரு வரி. -2 என்றால் தேடிய கோப்பு அந்த இடத்தில் இல்லை என்று பொருள், வேறு ஒன்றுமில்லை. இயக்கி ஏற்கெனவே வந்து, எழுந்து, வேலையைத் தொடங்கி, அகநிரல் கோப்புக்காகக் கைநீட்டி நிற்கிறது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனில் ரியல்டெக்குக்கு ‘ஃபர்ம்வேர்-ரியல்டெக்’, ஏத்தரோஸுக்கு ‘ஃபர்ம்வேர்-ஏத்தரோஸ்’ என்ற பொதி (பேக்கேஜ்), இன்னொரு வகையான உபுண்டுவில் ‘லினக்ஸ்-ஃபர்ம்வேர்’. அதை நிறுவிவிட்டு டாங்கிளைக் கழற்றி மறுபடி செருகினால் முடிந்தது. இந்த வேறுபாடு தெரியாதவரோ “டிரைவர் இல்லை” என்று முடிவுகட்டி, கிட்ஹப்பில் எதையோ இறக்கி, கெர்னல் தலைப்புக் கோப்புகளைத் தேடி, இரண்டு மணி நேரம் தொகுத்து (கம்பைல் செய்து), கடைசியில் ஏற்கெனவே இருந்த நல்ல இயக்கிக்கு எதிராக இன்னொரு இயக்கியை நிறுத்திவைப்பார். அதன் பிறகு அவருக்கு உதவி செய்வதும் கடினம்.

மறுபுறம், உண்மையாகவே இயக்கி இல்லாத நிலையும் உண்டு. 8821சியு சில்லுக்கு கெர்னலுக்குள்ளேயே இயக்கி வந்தது 2023 பிப்ரவரியில் வெளியான 6.2ஆம் பதிப்பில்தான். உபுண்டு 22.04 முதலில் வந்தது 5.15 கெர்னலோடு, அதில் வெளியிலிருந்து நிரலை எடுத்து, கெர்னல் மாறும்போதெல்லாம் இயக்கியை மறுபடி தொகுத்துத் தரும் டிகேஎம்எஸ் மூலம் தொகுத்தாக வேண்டும். உபுண்டு 24.04இல் 6.8, அங்கே அந்தப் பாடு தேவையில்லை. இங்கே எவ்வளவு அகநிரல் பொதி நிறுவினாலும் பழைய கெர்னலில் ஒன்றும் நடக்காது. இரண்டு கோளாறு, இரண்டு மருந்து. ஒரே பெயரால் இரண்டையும் அழைத்தால் மருந்து மாறிப்போகும்.

டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என் டாங்கிளையும் வழிகாட்டியில் கட்டாயம் குறிப்பிட வேண்டும். முதல் பதிப்பில் ஏஆர்9271 சில்லு, இரண்டாம் பதிப்பிலிருந்து ரியல்டெக் 8188இயுஎஸ். மாடல் எண் அதேதான். நண்பருக்கு வேலை செய்த வழி தனக்கு ஏன் செய்யவில்லை என்று தவிப்பவர்களுக்கு இந்த ஒரு வரி போதும். மாடலைப் பார்க்காதீர்கள், எல்எஸ்யுஎஸ்பி காட்டும் எண்ணைப் பாருங்கள் என்பதைத் தடித்த எழுத்தில் போடலாம்.

கட்டற்ற மென்பொருள் பற்றிப் பேசும்போதும் தனிச்சொல் தேவைப்படுகிறது. லினக்ஸ் கெர்னலில் உள்ள வைஃபை இயக்கிகள் கட்டற்றவை. ஆனால் அவை ஏற்றும் அகநிரல்கள் பெரும்பாலும் மூடியவை. மூலநிரல் கிடைக்காது. ஏஆர்9271 அரிய விதிவிலக்கு, அதன் அகநிரலின் மூலமும் திறந்து கிடக்கிறது. டெபியன் குழு 2022இல் வாக்கெடுப்பு நடத்தி, மூடிய அகநிரல்களையும் அதிகாரபூர்வ நிறுவியிலேயே சேர்ப்பது என்று முடிவுசெய்தது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12 அப்படித்தான் வெளியானது. இந்த விவாதத்தைத் தமிழில் எழுத முயன்றால் “இயக்கி கட்டற்றது, அகநிரல் மூடியது” என்று ஒரே வாக்கியத்தில் இரண்டும் வர வேண்டியிருக்கிறது. நேற்று இதை எழுதிப் பார்த்தேன், தடங்கல் இல்லாமல் ஓடியது.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்த வேறு சில:

“அகநிரல் கோப்பு கிடைக்கவில்லை.”
“ரவுட்டரின் அகநிரலைப் புதுப்பிக்கும்போது மின்சாரம் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளவும்.”
“அகநிரலுக்கும் இயக்கிக்கும் பதிப்பு ஒத்துப்போக வேண்டும்.”

வேற்றுமை உருபு ஏறும்போது எங்கும் முரண்டு பிடிக்கவில்லை. பன்மையும் இயல்பாக வருகிறது.

இன்னொன்று, மேலே ‘பொதி’ என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். பேக்கேஜுக்குத் ‘தொகுப்பு’, கம்பைலுக்குத் ‘தொகு’, விக்கிப்பீடியா பழக்கத்தில் எடிட்டுக்கும் ‘தொகு’. “தொகுப்பைத் தொகுக்கும் முன் கோப்பைத் தொகுக்கவும்” என்று வரைவில் ஒரு வரி அச்சு அசலாக இருக்கிறது. பேக்கேஜைப் பொதி என்போம், எடிட்டைத் திருத்து என்போம், கம்பைல் மட்டும் தொகுத்தலாக இருக்கட்டும். கெர்னலுக்குக் கருவகமா, உட்கருவா என்ற பேச்சை இப்போதைக்குத் தொடவில்லை. அது தனி இழையில் நடக்கட்டும்.

அப்புறம், எந்தச் சொல்லை எடுத்தாலும் முதல் தடவை வரும் இடத்தில் “அகநிரல், அதாவது ஃபர்ம்வேர்” என்று எழுதியாக வேண்டும். புதியவரின் திரையில் வரும் பிழைச்செய்தி ஆங்கிலத்தில்தான் இருக்கும். பொதியின் பெயரும் ஆங்கிலம். திரையில் பார்ப்பதும் நாம் எழுதியதும் ஒன்றுதான் என்று அவருக்குத் தெரியாவிட்டால் நம் தமிழ் அவருக்குத் தடையாகிவிடும். பிழைச்செய்திகளைப் பொறுத்தவரை மொழிபெயர்க்காமல் உள்ளபடியே கொடுத்து, கீழே தமிழில் விளக்கம் தருவோம். தேடுபொறியில் போட்டுத் தேடவும் அதுவே உதவும்.

அகநிரலை ஏற்காதவர்கள் தயங்காமல் எழுதுங்கள். ஒரு வேண்டுகோள்: மாற்றுச்சொல்லைத் தனியாக அனுப்பாமல், மேலே உள்ள மூன்று வாக்கியங்களிலும் அதைப் பொருத்தி அனுப்புங்கள். இலங்கை, மலேசிய, சிங்கப்பூர் நண்பர்கள் உங்கள் பக்கம் இந்தச் சொல்லுக்கு வேறு பொருள் ஏதும் இருக்கிறதா என்று கட்டாயம் சொல்லுங்கள். வரைவின் நான்காம் பகுதியை அதுவரை ‘ஃபர்ம்வேர்’ என்றே விட்டுவைக்கிறேன்.