புதுப்பிப்பு: உறங்கிய நோயாளியை நள்ளிரவில் எழுப்பியது குறித்து

அறுவை சிகிச்சைக்குப் பின் மார்ஃபின் (மூச்சை மந்தமாக்கக்கூடிய வலுவான வலிமருந்து) பெற்றுவந்த ஒரு முதியவரை, அவர் அயர்ந்து உறங்கியபோதும் நள்ளிரவில் எழுப்பியது சரியா என்று சென்ற வாரம் கேட்டிருந்தேன். "தூக்கமும் மருந்துதானே, ஏன் கலைத்தீர்கள்?" என்று பலர் கேட்டதால், முழு விவரத்தையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

கருவி ஆக்சிஜன் அளவை 96 விழுக்காடு என்றே காட்டியது. ஆனால் அவருக்கு ஆக்சிஜன் செலுத்தப்பட்டுக்கொண்டிருந்தது, அந்நிலையில் மூச்சு மந்தமானாலும் அந்த எண் நெடுநேரம் குறையாமல் நிற்கக்கூடும் என்பதால், போர்வையை விலக்கி மார்பின் ஏற்ற இறக்கத்தை ஒரு முழு நிமிடம் எண்ணினேன். 9 தான் வந்தது. பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இருக்க வேண்டும். (15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கும் பழக்கம் எனக்கும் இருந்தது, அதில் ஒரு மூச்சு தவறினாலும் கணக்கில் நான்கு மாறிவிடும்.) தோளைத் தொட்டு அழைத்ததும் கண் திறந்தார், பெயரைச் சொல்லத் தொடங்கியவர், சொல்லி முடிக்கும் முன்பே இமைகள் மூடிக்கொண்டன.

அடுத்த தவணையை நிறுத்திவைத்து மருத்துவரை அழைத்தேன். மார்ஃபினின் விளைவை முறிக்கும் நலோக்சோன் மருந்தைத் தயாராக வைத்திருந்தோம், தேவைப்படவில்லை. இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருப்பது தெரிந்தது. மார்ஃபினின் சிதைபொருள்கள் சிறுநீரகம் வழியே வெளியேறுபவை என்பதால், அவை உடலில் தேங்கியிருக்க வேண்டும் என்று கருதி மருத்துவர் வலிமருந்தையே மாற்றினார். விடியும்போது மூச்சு எண்ணிக்கை 14.

தூக்கத்தைக் கலைக்கக் கூடாது என்றவர்களின் அக்கறையை மதிக்கிறேன். இத்தகைய மருந்து பெறாத, நிலைமை சீராக உள்ள நோயாளியை நானும் எழுப்புவதில்லை. இப்போது எங்கள் பிரிவில் மூச்சு எண்ணிக்கையுடன் மயக்கநிலையையும் சேர்த்தே குறிக்கிறோம். பெரியவர் நேற்று நலமாக வீடு திரும்பினார்.