போர்க்கப்பலுக்கு மலையகத்துப் பெயர் வேண்டுமா?

ஹட்டன்வாசி:
நம் இலங்கைக் கடற்படைக் கப்பல்களின் பெயர்களைக் கொஞ்சம் பாருங்கள். 1949இல் வந்த முதல் கப்பல் விஜய. இப்போது ஓடுபவற்றில் கஜபாகு, விஜயபாகு, பராக்கிரமபாகு. 2000ஆம் ஆண்டு இஸ்ரேலில் இருந்து வாங்கிய ஏவுகணைப் படகுகளுக்குத் பழைய சிங்கள ராஜா துட்டகைமுனுவின் வீரர்களான நந்திமித்ர, சூரநிமல பெயர்கள். இவை எல்லாம் ராஜாக்களும் அவர்களின் படைவீரர்களும்தான். அமெரிக்காவில் பண்ணைத் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டிய சீசர் சாவேஸ் பெயரில் 2012இல் ஒரு கடற்படைக் கப்பலையே இறக்கினார்கள். இங்கே தோட்டத் தொழிலாளர்களுக்கு 1931இல் சம்மேளனம் அமைத்த கோ. நடேசய்யர் பெயரில் ஏன் ஒன்று கூடாது? நம் முன்னோர் இந்தியாவில் இருந்து தோட்ட வேலைக்கு வந்து 200 ஆண்டு ஆயிற்று என்று 2023இல் தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை நம் ஆட்கள் நடந்தார்கள். அந்த உழைப்பை அரசு ஒரு முறையாவது இப்படி ஒப்புக்கொள்ளட்டும்.

ஊவாக்காரன்:
எனக்கு உடன்பாடில்லை அண்ணே. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தபோது பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி செத்தார். 1977இல் டெவன் தோட்டத்தில், காணி பறிபோவதை எதிர்த்து நின்ற சிவனு லெட்சுமணனும் அப்படித்தான். நாம் பெருமையாகச் சொல்கிற பெயர்களில் பாதி அரசாங்கத் துப்பாக்கிக்கு முன்னால் நின்றவர்களுடையவை. அந்தப் பெயரைப் பீரங்கிக்குக் கீழே எழுதினால் அது மரியாதையா?

இன்னொன்று. 1977, 1983 இனக்கலவரங்களுக்குப் பிறகு நம் ஆட்கள் எவ்வளவு பேர் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று போய்க் குடியேறினார்கள்! உள்நாட்டுப் போர்க் காலத்தில் அந்தக் கரையில் இருந்தவர்களுக்குக் கடற்படைக் கப்பலைக் கண்டால் என்ன தோன்றும் என்று அவர்களிடம் கேட்காமல் நாம் இங்கே குளிரில் உட்கார்ந்து முடிவு செய்யக் கூடாது.

டிக்கோயா டீச்சர்:
தம்பி, கரையில் இருந்தவர்களைப் பற்றி நீங்கள் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் கப்பலுக்குப் பெயர் வைப்பது படைத்தளபதிகளுக்கு மட்டும் உரிய விஷயம் என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. டோரிஸ் மில்லரை எடுத்துக்கொள்ளுங்கள். 1941இல் பேர்ல் துறைமுகத்தில் நின்ற வெஸ்ட் வர்ஜீனியா கப்பலில் சாப்பாட்டுக்கூட உதவியாளர். அந்தக் காலத்துக் கடற்படையில் கறுப்பினத்தவருக்குச் சமையல், பரிமாறல் மாதிரி வேலைதான், துப்பாக்கிப் பயிற்சி கிடையாது. ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டபோது அவர் காயப்பட்ட கப்டனைத் தூக்கிக்கொண்டு போனார், அப்புறம் பழக்கமே இல்லாத இயந்திரத் துப்பாக்கியைப் பிடித்துச் சுட்டார். 1943இல் வேறொரு கப்பல் மூழ்கியபோது இறந்துபோனார். 2020 ஜனவரியில் ஒரு விமானந்தாங்கிக் கப்பலுக்கே அவர் பெயரை அறிவித்தார்கள். அமெரிக்காவில் அப்படிப்பட்ட கப்பல்களுக்கு ஜனாதிபதிகள் பெயர்தான் பெரும்பாலும் வைப்பார்கள். அந்த வரிசையில் ஒரு சமையற்கட்டு ஊழியர்! பரம்பரையாக ‘நீ இந்த வேலைக்குத்தான்’ என்று சொல்லப்பட்ட தோட்டத்து லய வீட்டுப் பிள்ளைகளுக்கு வகுப்பில் இதைச் சொன்னால் எப்படிக் கேட்பார்கள் தெரியுமா?

பண்டாரவளையான்:
நான் திருகோணமலையில் வேலை செய்கிறேன். ஒரு சின்ன விஷயம். இந்தக் கஜபாகு அமெரிக்கக் கரையோரக் காவல்படை நமக்குக் கொடுத்த பழைய கப்பல். அங்கே அதன் பெயர் ஷெர்மன், அவர்களின் பழைய திறைசேரிச் செயலாளர் ஒருவர் பெயர். கை மாறியதும் நிதி மந்திரி போய் ராஜா வந்துவிட்டார். பெரிய கப்பல்களில் பல பிற நாடுகள் பாவித்துவிட்டுத் தருபவை. சாவேஸ் பெயரை முன்மொழிந்ததோ சான் டியாகோவில் அந்தக் கப்பலைக் கட்டிய தொழிலாளர்கள் என்று அப்போதைய கடற்படைச் செயலாளரே சொன்னார். அது போர்க்கப்பல்கூட இல்லை, சரக்கு ஏற்றிப் போகும் கப்பல்.

ஊவாக்காரன்:
கை மாறினால் பெயரும் மாறும் என்பதுதான் எனக்கும் முக்கியம். ஹார்வி மில்க் என்பவர் ஓரினச்சேர்க்கையாளர் என்பதால் 1950களில் அமெரிக்கக் கடற்படையை விட்டு வெளியேற்றப்பட்டவர். அவர் பெயரை எண்ணெய்க் கப்பல் ஒன்றுக்கு வைத்து 2021இல் கடலில் இறக்கினார்கள். 2025 ஜூனில் ஆட்சியில் இருந்தவர்கள் அதை எடுத்துவிட்டு, 1942இல் பவளக்கடல் போரில் உயிர்விட்ட ஒஸ்கர் பீட்டர்சன் என்ற கடற்படைவீரர் பெயரைப் போட்டார்கள். பீட்டர்சனும் தகுதியானவர்தான், அதில் குறை இல்லை. ஆனால் ஒருவரை வெளியே தள்ளி, பிறகு கூப்பிட்டு உட்கார வைத்து, மறுபடியும் எழுப்பிவிடுவது எவ்வளவு பெரிய அவமானம்! 1948இல் நம் குடியுரிமையைப் பறித்து, பிறகு தவணை முறையில் திருப்பிக் கொடுத்ததைப் பார்த்தவர்கள் நாம். நடேசய்யர் பெயரையும் அந்தக் கையில் கொடுக்க வேண்டுமா?

டிக்கோயா டீச்சர்:
பயந்து கேட்காமலே இருந்தால் எதுவும் வராது தம்பி. அதே நாட்டில், உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட பக்கம் ஜெயித்த ஒரு சண்டையின் பெயரில் ஒரு கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. 2023இல் அதை எடுத்துவிட்டு ரொபர்ட் ஸ்மால்ஸ் பெயரை வைத்தார்கள். அவர் அடிமையாகப் பிறந்து, 1862இல் எசமானர்களின் ஒரு கப்பலையே ஓட்டிக்கொண்டு குடும்பத்தோடு தப்பியவர். பெயரை எடுக்கவும் முடிகிறது, வைக்கவும் முடிகிறது. சும்மா இருப்பவர்களுக்காக யாரும் வைக்க மாட்டார்கள்.

ஹட்டன்வாசி:
ஊவாத் தம்பி சொன்ன கரையோரச் சனங்களின் விஷயம் எனக்குக் கனமாக இருக்கிறது. அப்படியென்றால் பயணிகள் கப்பல்? சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களைத் தலைமன்னாரில் இருந்து ஏற்றிப்போன ராமானுஜம் கப்பலை நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் சொல்லி அழுவார்கள். 1964 ஒப்பந்தத்தில் இந்தியா ஏற்க வேண்டியவர்கள் என்று எழுதப்பட்டது 5,25,000 பேர். அந்தத் தலைமன்னார்–ராமேஸ்வரம் வழி மறுபடி திறந்தால், அதில் இலங்கை விடும் முதல் கப்பலுக்குக் கோவிந்தன் பெயர் கேட்போம்.

ஊவாக்காரன்:
அதற்கு நான் முதல் கையெழுத்துப் போடுகிறேன். போர்க்கப்பல் என்றால் என் கையெழுத்து இல்லை, இப்போதும் சொல்கிறேன்.

டிக்கோயா டீச்சர்:
இரண்டுக்கும் என் கையெழுத்து உண்டு. நந்திமித்ர ஓடுகிற அதே துறைமுகத்தில் நடேசய்யரும் ஓட வேண்டும். மனுவைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுவோம். சிங்கள வரைவை நான் தருகிறேன்.